உலோகப் பொடியும் உடல்நீரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசைபற்றிப் பேசுவோர் உண்டு. மெட்ரிக் தேறியதோடு பள்ளியை விட்டு, இருபது ஆண்டுகளாக இரயில்வேயில் பார்சல் எடை போட்டு ரசீது எழுதிவரும் ஒரு குமாஸ்தாவை விஞ்ஞானம் பேச அழைத்தது செயலாளர் அவர்களின் துணிவு. அதற்கு இசைந்தது எமது துணிவு. உலோக ஆக்ஸைடுகளின் மிக நுண்ணிய பொடிகள் நம் உடலின் நீர்களில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே இன்று எமக்கு வாய்த்த பொருள். தலைப்பின் கனத்தைக் கண்டு யாரும் எழுந்துவிட வேண்டா. இது ஆய்வுக் கூடத்தில் தொடங்கிய கதையன்று. எம் வீட்டு அடுக்களையில் தொடங்கிய கதை.

எம் அன்னையார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தவர். மூல நோய்க்கு அவ்வூர்ச் சித்த வைத்தியர் நாக பற்பம் கொடுத்து வந்தார். வெண்ணெயில் குழைத்து, வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் உண்பார், நிறுத்துவார். சூளூர்பேட்டைக்கு எம்மோடு வந்து தங்கியபின் பழைய நோய் மீண்டும் தலைகாட்டியது. "அந்த நாக பற்பம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வா, அப்பா" என்றார். ஊருக்குப் போய்வர விடுப்பு இல்லை. பக்கத்து நகரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டோம். கடைக்காரர் முகம் மலர்ந்து, "நாக பஸ்மம்தானே? இருக்கிறது" என்று தெலுங்கில் சொல்லி ஒரு பொட்டலத்தை மடித்துத் தந்தார். மருத்துவர் சீட்டு அவரும் கேட்கவில்லை, யாமும் காட்டவில்லை.

மூன்று வாரம் சென்றிருக்கும். அன்னையார்க்கு வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், வாயில் ஓர் உலோகச் சுவை, முகத்தில் வெளுப்பு. மூலத்தின் தொல்லை என்றே எண்ணினோம். டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் தெலுங்கர். எல்லாம் கேட்டுவிட்டு, "வேறு என்ன மருந்து உண்கிறார்?" என்றார். "நாக பற்பம், அது துத்தநாகம், கெடுதி இல்லை என்பார்கள்" என்றோம். அந்த அம்மையார் எழுதுகோலைக் கீழே வைத்தார். "உங்கள் தமிழில் நாகம் துத்தநாகமாக இருக்கலாம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம்" என்றார். இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தபோது ஈயம் மிகுந்திருந்தது.

அன்பர்களே! கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் நூல்களின்படி யாம் கேட்ட பெயருக்குரிய பண்டத்தையே கொடுத்தார். சித்த மருத்துவத்தில் நாகம் என்பது துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்பது காரீயத்தைப் புடமிட்டது. துத்தநாகத்தைப் புடமிட்டதற்கு அங்கே ஜசத பஸ்மம் என்று பெயர். நாள்தோறும் ஆயிரம் பார்சல்களின் லேபிளைப் படித்து, உள்ளே உள்ளதும் மேலே எழுதியதும் ஒன்றுதானா என்று ஐயுறுவதே தொழிலாகக் கொண்ட யாம், தாய்க்குக் கொடுத்த பொட்டலத்தில் அந்த ஐயத்தைக் கொள்ளவில்லை. இப்பிழை எம்முடையது. அதனை இம்மேடையில் ஒப்புக்கொள்வதற்காகவே இப்பொருளைத் தேர்ந்தோம்.

நிற்க. அன்னையார்க்கு அப்பொட்டலத்தை உடனே நிறுத்தினோம். ஆனால் மனம் அமைதி கொள்ளவில்லை. இரண்டும் புடமிட்ட பொடிகள். இரண்டும் மாவினும் மென்மையானவை. ஒன்று தொல்லை தராமல் செல்ல, மற்றொன்று ஏன் நஞ்சாயிற்று? எம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அன்பரின் மகள் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயில்கிறாள். விடுமுறையில் வந்த அப்பெண்ணிடம் எமது ஐயத்தை வைத்தோம். அவள் எங்கள் கூடத்தில் அமர்ந்து சொன்ன பாடத்தையே உங்கள்முன் வைக்கிறோம். பாடம் அவளுடையது, பிழையிருப்பின் எம்முடையது.

உலோகம் உயிர்வளியோடு சேர்ந்தால் பிறப்பது உலோக ஆக்ஸைடு. இரும்பின் துரு அதில் ஒரு வகை. தண்டவாளத்தின்மேல் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்போது நம் வீட்டு மாடியில் நின்று பார்க்கிறோமே, அந்த வெண்புகை என்ன? பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 138 டன் திட எரிபொருள் உண்டு. அதில் அலுமினியத் தூள் கலந்துள்ளது. அது எரிந்து அலுமினிய ஆக்ஸைடுத் துகள்களாக வெளிவருவதாலேயே அப்புகை அத்துணை வெண்மையாகத் தோன்றுகிறது. ஆகவே உலோக ஆக்ஸைடுப் பொடி நம் ஊருக்குப் புதியதன்று.

அப்பொடி 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவினதாயின் அதனை நானோ பொடி என்கிறார்கள். ஒரு மயிரிழையின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் அதன் நுண்மையை உணரலாம். நுண்மையால் நேர்வது யாது? ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரத்திற்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர்ப் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர் ஆகிவிடும். சுண்டுவிரல் நுனியளவுப் பண்டம் ஒரு குவார்ட்டர்ஸின் தரையளவு விரிந்துவிட்டது! நீர் தொடுவது மேற்பரப்பையே. ஆதலின் பொடி நுண்மையாக ஆக, நீருக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பன்மடங்கு பெருகுகிறது.

நம் உடலில் இருப்பதோ ஒரே நீரன்று. பி.எச். என்று ஓர் அளவுகோல் உண்டு. 7 என்பது நடுநிலை. ஒவ்வோர் எண் குறையும்போதும் புளிப்பு பத்து மடங்கு ஏறும். இரத்தம் 7.4. வெறும் வயிற்றின் இரைப்பை நீர் 1.5 அல்லது 2. உயிரணுக்களுக்குள்ளே அவை விழுங்கியதைச் செரிக்கும் சிறு பைகள் உள்ளன. அவற்றின் நீர் 4.5 முதல் 5 வரை. ஓர் உடலுக்குள் இத்தனை சீதோஷ்ணங்கள்! மனிதனை அறுத்துப் பார்க்காமல் இதனை ஆராய்வதற்கு, உடல்நீரைப் போன்ற செயற்கை நீர்களை ஆய்வுக் கூடத்தில் கலக்கிறார்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்து அறிஞர் தடாஷி கொகுபோ 1990-ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த கலவை அவற்றுள் புகழ்பெற்றது. குருதிநீரில் உள்ளதற்கு ஏறத்தாழ ஒத்த அளவில் உப்புகள்: ஒரு லிட்டருக்குச் சோடியம் 142, கால்சியம் 2.5, பாஸ்பேட் 1 என்ற மில்லிமோல் கணக்கில், பி.எச். 7.4; வெப்பம் 36.5 டிகிரி. எலும்புக்குப் பதிலாகப் பொருத்தும் பண்டங்களைச் சோதிக்க அவர் இதனை வகுத்தார். இரைப்பைக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, உயிரணுப் பைக்கு ஒன்று என வேறு கலவைகளும் உள்ளன. இந்நீர்களில் பொடியை இட்டுப் பார்த்தால் மூன்று நிகழ்ச்சிகள் நேர்கின்றன: திரளுதல், போர்த்திக்கொள்ளுதல், கரைதல்.

முதலாவது திரளுதல். மழைக்காலத்தில் நம் காளங்கி ஆறு செம்மண் கலங்கலாகச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். ஆற்று நீரில் மண்துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு, ஒன்றையொன்று விலக்கி மிதந்து செல்கின்றன. பழவேற்காட்டு ஏரியின் உப்புநீரைச் சேர்ந்ததும், உப்பின் மின்னேற்றம் அவ்விலக்கத்தை மறைத்துவிடுகிறது. துகள்கள் கட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. சிறார்களே, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் களிமண் கலங்கலை ஊற்றி ஒன்றில் மட்டும் உப்பிட்டுப் பாருங்கள். உப்பிட்டது முந்தித் தெளியும். உடல்நீரும் உப்புநீரே. தூய நீரில் தனித்தனியாக நின்ற நானோ பொடி, உடல்நீரில் திரண்டு பெருந்துகளாகிவிடக்கூடும். புட்டியின்மேல் எழுதிய நுண்மை உடலுக்குள் நிலைக்கும் என்று கொள்வதற்கில்லை.

இரண்டாவது போர்த்திக்கொள்ளுதல். இரத்தத்தில் புரதங்கள் நிறைந்துள்ளன. பொடி நுழைந்த சில நொடிகளில் புரதங்கள் அதன்மேல் படிந்து ஒரு போர்வையாகின்றன. 2007-ஆம் ஆண்டு அயர்லாந்து, சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதற்குப் புரத மகுடம் என்னும் கருத்துப்படப் பெயரிட்டனர். அதற்குப்பின் உயிரணு காண்பது பொடியின் மேனியை அன்று, அதன் போர்வையையே. நம்மைப் பாருங்கள். இவ்வூருக்கு வந்த முதல் மாதத்திலேயே இலையில் கோங்கூரா வந்துவிட்டது. வாயில் "ஏமண்டி" வந்துவிட்டது. இரயிலில் சென்னைக்குச் சென்றால் உறவினர் நம்மைத் தெலுங்கர் என்றே கேலி பேசுகிறார்கள். உள்ளே இருப்பவர் மாறவில்லை. எனினும் காண்போர் நடத்தும் முறை போர்வையைப் பொறுத்து மாறுகிறது. பொடிக்கும் அவ்வாறே.

மூன்றாவது கரைதல். எமது ஐயத்தின் விடை இங்கேதான் இருந்தது. தாய்மார்களே! கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கை வெறும் நீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் கறுப்புப் போவதில்லை. புளியிட்டுத் தேய்த்தால் நொடியில் பளிச்சிடுகிறது. அக்கறுப்பில் இருப்பது செம்பின் ஆக்ஸைடு. நீரில் கரையாத ஆக்ஸைடு புளிப்பில் கரைகிறது. இரைப்பை நீரோ மிகுந்த புளிப்புள்ளது.

துத்தநாக ஆக்ஸைடு நடுநிலை நீரில் சிறிதளவே கரையும்; இரைப்பை நீரில் விரைந்து கரைந்துவிடும். குருதிநீர் போன்ற கலவையில், கரைந்த துத்தநாகம் பாஸ்பேட்டோடு கூடித் துத்தநாகப் பாஸ்பேட்டாகப் படியவும் செய்யும். துத்தநாகம் உடலுக்கு அளவோடு வேண்டிய சத்து. குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் 2004-இல் பரிந்துரைத்தன. ஆனால் அதே துத்தநாக ஆக்ஸைடு மூச்சுவழி சென்றால் கதை வேறு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை மூடிய கொட்டகையில் வெல்டிங் செய்வோர்க்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தணியும். வாரத்தில் உடல் சிறிது பழகி, ஞாயிறு விடுமுறையில் அப்பழக்கம் நீங்கி, மீண்டும் வேலைக்குச் சென்றதும் தாக்குவதால் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயரும் உண்டு. நம் இளைஞருள் வெல்டிங் தொழிலர் பலர். வீட்டார் இதனைச் சோம்பல் என்று ஏசாமல், காற்றோட்டத்திற்கும் முகக் கவசத்திற்கும் வழி செய்க.

டைட்டானியம் ஆக்ஸைடு இதற்கு நேர்மாறானது. மாத்திரைக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது அதுவே. எந்த உடல்நீரிலும் அது கரைவது மிக அரிது. கரையாமல் தங்கும் பொடியால் மரபணுவுக்குத் தீங்கு இல்லையென்று உறுதி கூற இயலாது என 2021-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருத்துரைக்க, 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதனைச் சேர்ப்பதை விலக்கியது. இரும்பு ஆக்ஸைடின் நுண்பொடியைச் சர்க்கரை வகைப் பொருளால் போர்த்தி, சிறுநீரக நோயாளரின் சோகைக்கு நரம்பில் ஏற்றும் மருந்தாக அமெரிக்கா 2009-இல் ஏற்றது. அதனை உயிரணுக்கள் விழுங்குகின்றன. புளிப்புள்ள பைகளில் அது மெல்லக் கரைகிறது. இரும்பு சிறிது சிறிதாகக் குருதிக்குக் கிட்டுகிறது. போர்வையும் கரைதலும் அறிந்து செய்தால் பொடியே மருந்தாகிறது.

இனிக் காரீயம். அதன் ஆக்ஸைடும் இரைப்பைப் புளிப்பில் கரையும். கரைந்த ஈயத்தை உடல் கால்சியம் என்று மயங்கி ஏற்கிறது. எலும்பில் கொண்டுபோய்ச் சேமிக்கிறது. அங்கே அது பல்லாண்டு தங்கும். குழந்தைகளின் குடல் பெரியவர்களினும் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

ஆகவே, கரையும் பொடியெல்லாம் நன்று என்றோ, கரையாத பொடியெல்லாம் தீது என்றோ ஒரே வாய்ப்பாடு இல்லை. எந்த உலோகம், எந்த வழியில், எந்த நீரில் விழுகிறது, அங்கே கரைந்தால் வெளிப்படுவது எது என நான்கு வினாக்களையும் கேட்டே முடிவு சொல்ல வேண்டும்.

நம் முன்னோர் புடமிட்ட பொடிகளைச் சோதிக்கத் தேர்வுகள் வைத்திருந்தனர். நீரின்மேல் தூவினால் மிதக்க வேண்டும். விரலிடையே தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். நுண்மையின் அருமையை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதில் நமக்குப் பெருமையே. 2009-ஆம் ஆண்டு பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஜசத பஸ்மத்தை ஆராய்ந்து, அதில் நானோ அளவுத் துத்தநாக ஆக்ஸைடு இருப்பதை வெளியிட்டார்கள். எனினும் அத்தேர்வுகள் நுண்மையைக் காட்டுமேயன்றி, உள்ளே இருப்பது துத்தநாகமா காரீயமா என்று காட்டா. எம் கையில் இருந்த ஈயப் பொடியும் ரேகைக்குள் அழகாகவே புகுந்தது! அதனைச் சொல்ல வேண்டியவர் கற்ற மருத்துவரும் ஆய்வுக் கூடமுமே. அமெரிக்காவில் பாஸ்டன் நகர்ப்புறக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பண்டங்களைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்ததென 2004-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. தாய்நாடு விட்டுச் சென்றோர், ஊர் மருந்து என்ற பாசத்தினால் பொட்டலத்தை நம்புவது எங்கும் நிகழ்வதே.

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் சூளூர்பேட்டை நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. லேபிள் மாறிற்று, ஊர் மாறவில்லை. நாக பற்பத்தின் கதையோ அதன் மறுதலை: லேபிள் மாறவில்லை, உள்ளிருந்த சரக்கு மாறிவிட்டது. இரண்டு மொழிகளுக்கு இடையில் வாழும் நமக்கு இவ்விரண்டாவது இனமே ஆபத்தானது. ஆதலின் சில வேண்டுகோள்கள். ஊரில் உண்ட மருந்தைப் பெயரை மட்டும் சொல்லி இங்கே வாங்காதீர்கள். வைத்தியரின் சீட்டைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத பொட்டலத்தை வீட்டிற்குள் விடாதீர்கள். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உலோகப் பொடி எதனையும் தாமாகக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது, நாட்டு மருந்து உண்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். டாக்டரம்மா அந்த ஒரு கேள்வியைக் கேட்டிராவிடில், எம் அன்னையார் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்க மாட்டார்.

ஆம், அவர் நலமாக வந்திருக்கிறார். இரத்தத்தில் ஈயம் குறைந்துகொண்டு வருகிறது. எலும்பில் சேர்ந்தது எவ்வளவு என்பதை எண்ணி, ஆறு மாதத்திற்கொருமுறை சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நீ வேண்டுமென்றா செய்தாய்" என்று அவர் எம்மைத் தேற்றினார். அச்சொல் எமக்குத் தண்டனையினும் கனமாக இருந்தது.

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. உண்டது செரித்ததா என்று அறிந்து உண்க என்பதே அதன் சாரம். உடலுக்குள் சென்ற பண்டம் அங்கே என்ன ஆகிறது என்று பார் என்பதைத்தான் இன்றைய ஆய்வுக் கூடங்களும் சொல்கின்றன. பெயரைப் படிப்பதோடு நில்லாமல் பண்டத்தை அறிவோம். பண்டத்தை அறிவதோடு நில்லாமல் அது விழும் நீரையும் அறிவோம். இப்பாடம் புகட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், தெலுங்கில் ஒரு வினா கேட்டு எம் குடும்பத்தைக் காத்த டாக்டரம்மாவுக்கும் நன்றி கூறி அமைகிறோம்.